வங்கி வந்ததா, மழை வந்ததா? ஊரக வங்கிகளின் பயனை அளக்கும் முறை: ஓர் எளிய அறிமுகம்

ஒரு சிற்றூருக்கு வங்கி வருகிறது. சில ஆண்டுகள் கழித்து அதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியாகிறது. எத்தனை பேருக்குக் கணக்குத் தொடங்கப்பட்டது, எவ்வளவு கடன் வழங்கப்பட்டது, அதில் பெண்கள் எத்தனை பேர், தவணைகள் எவ்வளவு ஒழுங்காகத் திரும்பி வந்தன என்ற எண்களோடு, கறவை மாடு வாங்கி முன்னேறிய ஒரு பெண்ணின் புகைப்படமும் அதில் இருக்கும். இவற்றைக் கொண்டு, வங்கி சிறு விவசாயிகளின் வாழ்வை உயர்த்தியது என்றும் பெண்களுக்கு அதிகாரம் தந்தது என்றும் முடிவுரை எழுதப்படும். அந்த எண்கள் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவை அந்த முடிவுரைக்குச் சான்றாக மாட்டா. கணக்குகளின் எண்ணிக்கை வங்கி என்ன செய்தது என்பதைச் சொல்கிறது. வங்கியால் மக்களுக்கு என்ன ஆனது என்பது வேறு கேள்வி. அந்த இரண்டாம் கேள்விக்கு விடை காணும் முறைக்குத் தாக்க மதிப்பீடு என்று பெயர். அது எப்படி இயங்குகிறது என்பதைத் தொடக்கநிலை வாசகர்களுக்காக இக்கட்டுரை விளக்குகிறது.

உரமிட்ட பாத்தியும் இடாத பாத்தியும்

புதிய உரம் ஒன்றை வயலில் இடுகிறீர்கள். அந்த ஆண்டு விளைச்சல் கூடுகிறது. உரம்தான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியுமா? அதே ஆண்டு பருவமழை தப்பாமல் பெய்திருக்கலாம். பூச்சித் தாக்குதல் இல்லாமல் போயிருக்கலாம். அனுபவமுள்ள விவசாயி இதற்கு ஒரு வழி வைத்திருப்பார். ஒரே மண்ணும் ஒரே பாசனமும் உள்ள வயலில் ஒரு பாத்தியை மட்டும் உரமிடாமல் விட்டுவைப்பார். அறுவடையில் இரண்டு பாத்திகளுக்கும் இடையே தெரியும் வித்தியாசமே உரத்தின் பங்கு.

வங்கியின் விஷயத்திலும் கேள்வி இதுதான்: இந்த வங்கி வராமலே போயிருந்தால் இதே மக்கள் இன்று எப்படி இருந்திருப்பார்கள்? நடக்காத அந்த நிலையை 'இல்லாதிருந்தால் நிலை' என்று இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். அதை எவராலும் நேரில் பார்க்க முடியாது. எனவே உரமிடாத பாத்தியைப் போல, வங்கி வராத, மற்றெல்லாவற்றிலும் ஒத்த ஒரு மக்கள் குழுவைத் தேடிப் பிடிக்க வேண்டியுள்ளது. அதற்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். பொருத்தமான ஒப்பீட்டுக் குழுவைக் கண்டுபிடிப்பதுதான் இத்துறையின் பெரும்பாடு. எஞ்சிய கணக்கெல்லாம் அதற்குப் பிறகே.

கானா நாட்டு ஊரக வங்கிகள்

பொதுப்படையாகப் பேசினால் இது விளங்காது. ஓர் உண்மையான எடுத்துக்காட்டைக் கையில் எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் முதல் ஊரக வங்கி 1976இல் அகோனா நியாக்ரோம் என்னும் ஊரில் தொடங்கப்பட்டது. இவ்வகை வங்கிகளின் பங்குகளை அந்தந்த வட்டாரத்து மக்களே வாங்கியிருப்பார்கள். வங்கி இயங்குவதும் அந்த வட்டாரத்துக்குள்தான். உள்ளூர்ச் சேமிப்பை உள்ளூருக்கே கடனாக வழங்குவது நோக்கம். நாட்டின் மைய வங்கி மேற்பார்வை செய்யும்.

இந்நாட்டில் சூசூ என்ற பழைய வழக்கம் ஒன்றுண்டு. சந்தையில் வியாபாரம் செய்யும் பெண்களிடம் ஒருவர் நாள்தோறும் வந்து ஒரு குறிப்பிட்ட சிறு தொகையை வாங்கிக்கொண்டு போவார். மாத முடிவில் ஒரு நாள் தொகையைத் தம் கூலியாகக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். சேமிப்புக்கு வட்டி வாங்காமல் கூலி கொடுப்பது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் பணத்தைக் காப்பாற்றித் தருவதற்கான விலை அது. ஊரக வங்கிகள் பல பின்னாளில் தாங்களே சூசூ வசூலிப்பவர்களை நியமித்தன.

1982இல் கோகோ விவசாயிகளுக்கு விளைபொருளுக்கான பணத்தை 'அகுவாஃபோ காசோலை' மூலம் வழங்கும் திட்டம் வந்தது. காசோலையை மாற்ற ஊருக்கு அருகில் வங்கி வேண்டும். 1980இல் ஏறத்தாழ 20ஆக இருந்த ஊரக வங்கிகளின் எண்ணிக்கை 1984க்குள் நூறைத் தாண்டியது. அவசரமாகப் பெருகியவற்றுள் பல தள்ளாடின. 1999இல் மைய வங்கி 23 ஊரக வங்கிகளை மூட நேர்ந்தது. கோகோவையொட்டி வங்கிகள் பெருகின என்ற செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

'அன்று – இன்று' கணக்கு ஏன் ஏமாற்றும்

எல்லோரும் முதலில் எடுக்கும் வழி, வங்கி வருவதற்கு முன்பும் பின்பும் வருமானத்தை ஒப்பிடுவது. கானாவில் 1983இல் ஓர் ஊரக வங்கி திறக்கப்பட்டதாகவும், 1986இல் ஒருவர் போய் அளந்ததாகவும் வைத்துக்கொள்வோம். வருமானம் நன்றாகவே உயர்ந்திருக்கும். ஆனால் 1983 எப்படிப்பட்ட ஆண்டு? கடும் வறட்சி, காட்டுத்தீயில் கோகோத் தோட்டங்கள் எரிந்தன, நைஜீரியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட கானா நாட்டவர் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் அதே ஆண்டு பசியோடு இருந்த ஊர்களுக்குத் திரும்பி வந்தார்கள். அதற்குப் பின் மழை வந்தது. அரசு தன் பொருளாதாரக் கொள்கையை மாற்றி, கோகோவுக்கு விவசாயி பெறும் விலையையும் உயர்த்தியது. பாதாளத்தில் இருந்த ஆண்டைத் தொடக்கமாக வைத்து அளந்தால், வங்கிக்குப் பதிலாக ஊரில் ஒரு மணிக்கூண்டு கட்டியிருந்தாலும் அதுவே வளத்தைக் கொண்டுவந்ததாகக் கணக்கு காட்டும்.

அப்படியானால் வங்கி உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒரே ஆண்டில் ஒப்பிடலாமே என்று தோன்றும். கோகோச் செய்தி இங்கேதான் குறுக்கே வருகிறது. பணம் புழங்கும் ஊரைத் தேடித்தான் வங்கி போகிறது. தெற்கே கோகோ விளையும் ஓர் ஊரை, வடக்கே ஆண்டுக்கு ஒரே மழைக்காலத்தை நம்பித் தானியம் விளைவிக்கும் ஊரோடு ஒப்பிட்டால், நாம் அளப்பது கோகோவின் பயனை; வங்கியின் பயனை அன்று.

இதுவரை கண்டது: காலத்தால் வரும் மாற்றத்தையும் இடத்தால் வரும் வேறுபாட்டையும் நீக்கினால்தான் வங்கியின் பங்கு தனியே தெரியும்.

கடன் கேட்டு வருபவர் யார்

ஊரை விட்டுவிட்டு ஆட்களைப் பார்ப்போம். ஒரே ஊரில் கடன் வாங்கியவர்களையும் வாங்காதவர்களையும் ஒப்பிடுவது பல அறிக்கைகளின் வழக்கம். கடன் கேட்டுத் தாமாக முன்வருபவர், ஏற்கெனவே கையில் ஒரு திட்டமும், கொஞ்சம் நல்ல நிலமும், இடர் ஏற்கும் துணிவும் உள்ளவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் கடன் இல்லாமலும் ஓரளவு முன்னேறியிருப்பார். பயன்பெறுவோரும் பெறாதோரும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருப்பதால் கணக்கில் விழும் இந்தக் கோணலுக்குத் தேர்வுச் சார்பு என்று பெயர்.

இது வெறும் சந்தேகம் அன்று என்பதை மாலி நாட்டில் நடந்த ஓர் ஆய்வு அழகாகக் காட்டியது. 198 ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் சிலவற்றில் பெண்கள் சங்கங்கள் வழியாக விவசாயக் கடன் வழங்கினார்கள். விதைப்புக்கு முன் பணம். அறுவடைக்குப் பின் ஒரே தவணையில் திருப்பிச் செலுத்தல். கடன் தரப்பட்ட ஊர்களில் கடன் வாங்காமல் ஒதுங்கியிருந்த குடும்பங்களுள் சிலருக்குக் குலுக்கல் முறையில் திருப்பித் தர வேண்டாத பணம் கொடுக்கப்பட்டது. கடனே தரப்படாத ஊர்களிலும் அதேபோல் சிலருக்கு இனாமாகப் பணம் கொடுக்கப்பட்டது. விளைவு என்ன? கடன் இல்லாத ஊர்களில் இனாம் பணம் சாகுபடியையும் இலாபத்தையும் உயர்த்தியது. கடன் உள்ள ஊர்களில், ஒதுங்கியிருந்தவர்களுக்குக் கிடைத்த இனாமோ இலாபத்தை உயர்த்தவில்லை. அதாவது, பணத்தைப் போட்டால் பெருக்கக்கூடியவர்கள் யாரோ அவர்களே கடன் வாங்க முன்வந்திருந்தார்கள். மற்றவர்கள் தம் நிலைமையை அறிந்தே விலகி நின்றார்கள். கடன் வாங்கியவர் வளமாக இருப்பதைப் பார்த்து, வாங்காதவருக்கும் கடன் கொடுத்தால் அதே வளம் வரும் என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பது இதிலிருந்து விளங்கும். கடன் வாங்காத விவசாயியை அறியாமையில் இருப்பவராகக் கருதும் பழக்கத்தையும் இந்த முடிவு அசைக்கிறது.

ஒப்பீட்டுக் குழுவை உண்டாக்கும் மூன்று வழிகள்

முதல் வழி எளிய கழித்தல். ஒரு கற்பனைக் கணக்கு: வங்கி வந்த ஊரில் ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானம் 4,000 செடியிலிருந்து 5,200 செடியாக உயர்ந்தது (செடி என்பது கானா நாட்டு நாணயம்). வங்கி வராத ஊரில் 3,800லிருந்து 4,700 ஆனது. முதல் ஊரின் உயர்வு 1,200. இரண்டாம் ஊரின் உயர்வு 900. வங்கி இல்லாமலும் 900 உயர்ந்திருக்கும் என்பதால் வங்கியின் பங்கு 300 மட்டுமே. இதை வேறுபாட்டின் வேறுபாடு என்பார்கள். இம்முறைக்கு, வங்கி வருவதற்கு முன்பே இரண்டு ஊர்களிலும் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு வேண்டும். வங்கி வராமல் இருந்திருந்தால் இரண்டு ஊர்களும் ஒரே வேகத்தில்தான் வளர்ந்திருக்கும் என்ற அனுமானமும் வேண்டும். அந்த அனுமானம் ஆட்டம் கண்டால் 300 என்ற விடையும் ஆட்டம் காணும்.

இரண்டாவது, குலுக்கல். எப்படியும் எல்லா ஊர்களிலும் ஒரே ஆண்டில் வங்கி திறக்க முடியாது. எந்த ஊருக்கு முதலில் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தால், வளமான ஊர் முந்திக்கொள்வது நின்றுவிடும். மொராக்கோவில் அல் அமானா என்ற சிறுகடன் நிறுவனம் நாட்டுப்புறங்களில் கிளை திறந்தபோது, 162 சிற்றூர்களை ஒத்த தன்மையுள்ள 81 இணைகளாக்கி, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்குக் குலுக்கல் முறையில் கடன் வசதி தந்தார்கள். சீட்டுக்கு முகம் தெரியாது என்பதால் இரு தரப்பும் சராசரியில் ஒத்திருக்கும். ஏழைகளை வைத்துச் சூதாடுகிறார்கள் என்று இதைக் குறை சொல்வோர் உண்டு. வரிசையைச் செல்வாக்குள்ளவர்கள் முடிவு செய்வதைவிடச் சீட்டு முடிவு செய்வது அநீதி என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, அரசின் விதி ஒன்று தற்செயலாக ஒப்பீட்டை உண்டாக்கித் தருவது. இந்தியாவில் 1977 முதல் 1990 வரை, ஏற்கெனவே வங்கி உள்ள ஓர் இடத்தில் புதிய கிளை திறக்க விரும்பும் வங்கி, வங்கியே இல்லாத நான்கு இடங்களில் கிளை திறந்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. வங்கி பணத்தைத் தேடிப் போகும் இயல்பை இவ்விதி தலைகீழாக்கியது. இதைப் பயன்படுத்திய ஓர் ஆய்வு, ஊரகக் கிளைகள் பெருகியதால் ஊரக வறுமை குறைந்தது என்று 2005இல் முடிவு சொன்னது. அம்முடிவோடு வழக்காடியவர்களும் உள்ளனர்.

சுருங்கச் சொன்னால், மூன்றும் உரமிடாத பாத்தியைத் தேடும் மூன்று வழிகள். குலுக்கலில் அனுமானம் குறைவு, மற்ற இரண்டில் அதிகம்.

சிறு விவசாயிக்கு எதை அளப்பது

ஒப்பீட்டுக் குழு கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், எதை அளப்பது என்ற சிக்கல் எஞ்சியிருக்கிறது. காசுக்கு நிறம் கிடையாது. விதைக்கென்று வாங்கிய கடன் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போகும். கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் விதைக்கு வரும். கடன் எதில் செலவானது என்று கேட்பதைவிட, முழு வீட்டின் வரவு செலவும் மாறியதா என்று பார்ப்பதே பொருத்தம். மொராக்கோ ஆய்வு இதற்குச் சான்று. கடன் கிடைத்த ஊர்களில் கால்நடை, சாகுபடி போன்ற சொந்தத் தொழில்களில் முதலீடும் இலாபமும் கூடின. ஆனால் அக்குடும்பங்கள் கூலி வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதால் கூலி வருமானம் குறைந்தது. வீட்டுச் செலவு, அதாவது உணவும் உடையும் மற்றவையும், கூடவில்லை. தொழில் இலாபத்தை மட்டும் அளந்த ஒருவர் இதைப் பெருவெற்றி என்று எழுதியிருப்பார்.

பயிர்க்காலமும் கணக்கில் வர வேண்டும். அறுவடை முடிந்த கையோடு விலை விழுந்திருக்கும் நேரத்தில் விற்றுவிட்டு, சில மாதம் கழித்து அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கி உண்பது சிறு விவசாயியின் பழைய துயரம். மேற்குக் கென்யாவில் அறுவடை நேரத்திலேயே மக்காச்சோள விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தானியத்தை வைத்திருந்து விலை ஏறியபின் விற்று ஆதாயம் கண்டார்கள். இதில் இன்னொன்றும் தெரிந்தது. பலருக்கும் கடன் கொடுக்கப்பட்ட வட்டாரங்களில் அறுவடைக்கால விலை அவ்வளவு விழவில்லை, பஞ்சகால விலை அவ்வளவு ஏறவில்லை. கடன் வாங்காதவருக்கும் அதனால் நன்மை கிடைத்தது. வாங்கியவரின் தனி ஆதாயம் குறைந்தது. உரமிட்ட பாத்தியின் நீர் பக்கத்துப் பாத்திக்குக் கசிவதைப் போன்ற இந்நிகழ்வுக்குப் பரவல் விளைவு என்று பெயர். ஒரே ஊருக்குள் ஒப்பிடும் ஆய்வுகள் இதைத் தவறவிட்டு, வங்கியின் பயனைக் குறைத்தோ கூட்டியோ மதிப்பிடுகின்றன.

சில வேளை தடையாக இருப்பது பணமே இல்லாமலும் இருக்கலாம். வடக்குக் கானாவில் விவசாயிகளுக்குப் பணமும், மழை பொய்த்தால் இழப்பீடு தரும் காப்பீடும் வெவ்வேறு குழுக்களுக்குக் குலுக்கல் முறையில் தரப்பட்டபோது, சாகுபடியில் துணிந்து செலவு செய்தவர்கள் பெரும்பாலும் காப்பீடு பெற்றவர்களே. மழையைப் பற்றிய அச்சம் நீங்கியதும், பணத்தை அவர்களே எங்கிருந்தோ திரட்டிக்கொண்டார்கள்.

பாஸ்புக்கில் உள்ள பெயர்

பெண்களின் அதிகாரம் என்ற சொல்தான் இத்துறையில் அதிகம் தேய்ந்த சொல். கடன் பெண்ணின் பெயரில் இருந்தால் அதிகாரம் அவள் கையில் என்று எடுத்துக்கொள்கிறோம். வங்கதேசத்தில் 1990களில் பெண்கள் வாங்கிய கடன்களைத் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு, கடன் பணத்தின் மீது முழுமையான அல்லது கணிசமான கட்டுப்பாடு வைத்திருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள் என்று கண்டது. மற்றவர்களின் பணம் ஓரளவோ முழுவதுமோ வீட்டு ஆண்களின் கைக்குப் போனது. திருப்பிக் கட்டும் பொறுப்பும் குழுவின் முன் தலைகுனியும் அபாயமும் மட்டும் பெண்ணிடம் தங்கின. தமிழ்நாட்டின் சுயஉதவிக் குழுக்களை அருகிருந்து பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. தவணை ஒழுங்காகத் திரும்பியது என்பது வங்கியின் நலத்துக்குச் சான்று. அந்தப் பெண் அதை எந்தக் கையிலிருந்து எடுத்துக் கட்டினாள் என்பதை அது சொல்லாது.

அப்படியானால் அதிகாரம் என்றால் என்ன? நைலா கபீர் என்னும் அறிஞர் 1999இல் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது. வாழ்வின் முக்கியமான தெரிவுகளைச் செய்யும் ஆற்றல் மறுக்கப்பட்டிருந்தவர், அந்த ஆற்றலைப் பெறுவதே அதிகாரம் பெறுதல். இதை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்: கையில் உள்ள வளங்கள், அவற்றைக் கொண்டு முடிவெடுத்துச் செயல்படும் திறன், அதனால் கிட்டும் பலன்கள். வங்கிக் கணக்கு முதல் பிரிவைச் சேர்ந்தது. இரண்டாவது இல்லாமல் அது மூன்றாவதுக்குப் போய்ச் சேராது.

விவசாயப் பெண்களுக்காகவே 2012இல் உருவாக்கப்பட்ட ஓர் அளவுகோல், சாகுபடி முடிவுகள், சொத்தும் கடனும், வருமானத்தின் மீதான கட்டுப்பாடு, பொதுவெளியில் தலைமை, நேரம் ஆகிய ஐந்தையும் கேட்கிறது. ஒரே வீட்டின் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே கேட்பது இதன் சிறப்பு. நேரம் ஏன் என்று கேட்கலாம். கடன் வாங்கி ஒரு பெண் சந்தையில் கடை போட்டால் வருமானம் கூடும். சமையலும் தண்ணீரும் விறகும் குறையாமல் அப்படியே இருந்தால், அவளுடைய வேலைநாள் நீளும். முந்தைய நாளில் பத்தரை மணி நேரத்துக்கு மேல் உழைத்தவரை, இந்த அளவுகோல் நேரவறுமையில் உள்ளவராகக் கணக்கிடுகிறது.

வீடு என்பதை ஒரே அலகாகக் கொள்வதும் கானா போன்ற இடங்களில் பிழையாகும். அந்நாட்டின் அக்கான் மக்களிடையே கணவனும் மனைவியும் தனித்தனி நிலத்தில் பயிரிட்டுத் தனித்தனியே பணம் வைத்துக்கொள்வது வழக்கம். குடும்பத் தலைவரை மட்டும் கேட்டு எழுதப்படும் வருமானம் பாதி வீட்டின் கணக்குத்தான். அண்டை நாடான புர்கினா பாசோவில், ஒரே வீட்டில், ஒரே பயிரில், ஒரே ஆண்டில், பெண்களின் நிலத் துண்டுகள் ஆண்களுடையதைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைவாக விளைந்ததை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. பெண்களின் திறமை குறைவு என்பதல்ல காரணம். உழைப்பும் எருவும் ஆண்களின் துண்டுகளுக்கே அதிகம் போயின. இத்தகைய வீட்டுக்குள் கடன் நுழையும்போது அது எந்தத் துண்டில் இறங்கியது என்று கேட்காமல், வீட்டின் மொத்த விளைச்சலை மட்டும் கேட்பது போதாது.

கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள் இவ்வகையில் தரும் விடைகள் அடக்கமானவை. மாலியின் செகூ பகுதியில் ஏறத்தாழ 500 ஊர்களில் நடந்த ஆய்வில், பெண்களின் சேமிப்புக் குழுக்கள் தோன்றிய ஊர்களில் உணவுப் பற்றாக்குறை குறைந்தது, கால்நடை கூடியது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரல் மட்டும் அளக்கக்கூடிய அளவுக்கு உயரவில்லை. மொராக்கோவிலும் பெண்களின் நிலை மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பசி குறைவதும் ஆடு கூடுவதும் சிறிய செய்திகள் அல்ல. அவற்றை அதிகாரம் என்ற பெயரில் எழுதுவதுதான் பிழை.

மாற்றம் தெரிந்த இடமும் ஒன்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் வடக்கே 197 ஊராட்சிகளில் நூறு நாள் வேலைத் திட்டத்தை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அங்கே பெண்கள் உழைத்த கூலியும் பெரும்பாலும் வீட்டுத் தலைவரான ஆணின் கணக்கிலேயே விழுந்துகொண்டிருந்தது. சில ஊராட்சிகளில் பெண்களுக்கு வங்கிக் கணக்கு மட்டும் தொடங்கித் தந்தார்கள். வேறு சிலவற்றில் கணக்கோடு, அவர்களுடைய கூலி நேரே அதில் சேரும்படி செய்து, கணக்கைக் கையாளவும் கற்றுத் தந்தார்கள். இரண்டாம் வகைப் பெண்கள், கணக்கு மட்டும் பெற்றவர்களைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள். அரசுத் திட்டத்துக்கு வெளியிலும் போனார்கள். பெண் வேலைக்குச் செல்லக் கூடாது என்ற அவர்களுடைய எண்ணமும், அதுவரை மிகவும் கட்டுண்டிருந்த வீடுகளில், தளர்ந்தது. இரண்டு வகையினரிடமும் இருந்தது ஒரே வகைப் பாஸ்புக். கணக்குகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் இருவரும் ஒரே வரியில்தான் இடம்பெறுவார்கள்.